தழும்பு இல்லாதவர்கள்

பதிவு 211
நவம்பர் 3, 2061. காலை 7:10

வளர்ப்பறை வெப்பம் 37. தட்டுகள் நாற்பத்தெட்டு, எதிலும் பூஞ்சை இல்லை. ஊட்டநீர் மாற்றியாயிற்று. செல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஒருநாள் பட்டினி போட்டால் மறுநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும்.

பாதியில் இந்த நோட்டைப் புரட்டுகிறவருக்காகச் சொல்லிவிடுகிறேன். இது நாகப்பட்டினத்துக்குக் கிழக்கே நாற்பது கிலோமீட்டரில், எண்ணெய் வற்றியதும் கைவிட்ட கடல்மேடை. இரும்புக் கால்கள்மேல் மூன்று தளம். இத்தனை திருத்தம் செய்த மனித ஸ்டெம் செல்லைக் கரையில் வளர்க்க அனுமதி இல்லை. உறைந்த குப்பியாக மட்டும் கரைக்குப் போகலாம். அதனால் எங்கள் நாலு பேரை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நான் ஞானசுந்தரி, பாளையங்கோட்டைக்காரி, ஆய்வகப் பொறுப்பு. மரபணுத் திருத்தம் செய்வது நவநீதன். இயந்திரம், பாரந்தூக்கி எல்லாம் மணப்பாட்டு ரொசாரி. சமையலும் வானொலியும் நாகூர் குத்புதீன். அவர் குழம்பில் எப்போதும் உப்பு தூக்கல். சொன்னால் மறுநாள் உப்பே போடமாட்டார்.

வளர்ப்பது ஒன்பதாம் வரிசை. இந்தச் செல்லை எந்த உடம்பின் எதிர்ப்புச் சக்தியாலும் அந்நியம் என்று கண்டுபிடிக்க முடியாது. யாருக்கு வேண்டுமானாலும் ஏற்றலாம். சேதமான இடத்தைக் கண்டால் மடமடவென்று பெருகி அடைக்கும். அத்துமீறினால் அடக்க ஒரு நிறுத்து மருந்து உண்டு. அது உள்ளே போனால் செல் தானே செத்துவிடும்படி திருத்தியிருக்கிறோம்.

இன்றும் பொறுக்கினோம். விளிம்பு ஒழுங்காக, நடுவில் பளபளப்பாக, மற்றவற்றை முந்திக்கொண்டு வளர்ந்திருக்கும் கூட்டங்களை நுண்ணோக்கியில் பார்த்து ஊசியால் எடுத்துப் புதுத் தட்டில் வைப்போம். அழகில்லாதவை குப்பைக்கு. செல் வளர்க்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். நவநீதன் இதைப் பெண் பார்க்கும் படலம் என்பான். இது நாற்பத்தோராவது தலைமுறை.

காலை 10:40

சரக்குப் படகு கிளம்பிவிட்டது. வழக்கம்போல ஒன்பதாம் வரிசையின் இரண்டு குப்பிகளைப் பிரதியாகக் கரைக் கிடங்குக்கு அனுப்பினேன். எல்லாவற்றையும் ஒரே உறைபெட்டியில் வைத்திருந்து, மின்சாரம் போய், வரிசையையே தொலைத்துவிட்டு அழுதவர்களை எனக்குத் தெரியும். கரை அலுவலகத்து வத்சலா கேட்டுக்கொண்டே இருந்த படிவக் கட்டையும் கொடுத்தனுப்பினேன். சரக்கு, விடுப்பு, குப்பி வெளியீடு, எல்லாவற்றிலும் தேதியைக் காலியாக விட்டுக் கையெழுத்து போட்டிருக்கிறேன். வேண்டியபோது அவள் நிரப்பிக்கொள்வாள். இல்லையென்றால் ஒவ்வொரு தாளுக்கும் படகு காத்திருக்க வேண்டும்.

மாலை 4:00

என் மகள் மெர்சி வானொலியில் வந்தாள்.

"ம்மா, ரத்த அணு இன்னும் எறங்கிட்டாம். பல்லு வெளக்குனா வாயெல்லாம் ரத்தம். ஒன் செல்லுகள்ட்ட சொல்லு, சீக்கிரம் வளரட்டும். படுத்துப் படுத்து எனக்கு முதுகே தட்டையாப் போச்சி."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நாலு வயதில் ஊஞ்சல் பலகை இடித்து இடது புருவத்தில் மூன்று தையல். சிரித்தால் அந்தப் புருவம் மட்டும் ஏறாது. இங்கிருந்தே எனக்குத் தெரிந்தது.

மெர்சிக்குப் பத்தொன்பது வயது. எலும்பு மஜ்ஜை வற்றிவிட்டது. பொருந்தும் மஜ்ஜை யாரிடமும் கிடைக்கவில்லை. டிசம்பரைத் தாண்டுவது கஷ்டம் என்று கரை மருத்துவர் சொல்லிவிட்டார். பதினேழாம் தேதி எங்கள் கடைசிச் சோதனைகள் முடியும். பத்தொன்பதாம் தேதி படகில் அவளுக்கான குப்பி போகும். என் வேலை இது ஒன்றுதான். மற்றதெல்லாம் காகிதத்துக்காக.


பதிவு 212
நவம்பர் 4. பிற்பகல் 3:20

காற்று பலமாக இருக்கிறது. டீசல் பீப்பாயை மேலே தூக்கும்போது பாரந்தூக்கியின் கம்பி அறுந்தது. அறுந்த முனை சுழன்று வந்து ரொசாரியின் இடது கையில் அடித்தது. மூன்று விரல்கள் கையுறையோடு கடலில். மேடை ஓரத்துக் கைப்பிடிக் கம்பியும் இரண்டு மீட்டர் பிய்ந்து போய்விட்டது. ரத்தம் என் கண்ணாடிவரை தெறித்தது. மனிதர் கத்தவில்லை. புதுக் கையுறை போச்சே என்று மட்டும் சொன்னார், பிறகு விழுந்தார்.

கரையைக் கூப்பிட்டேன். வத்சலா:

"அக்கா, காத்தழுத்தம் புயலாயிடுச்சு. போட்டும் கெளம்பாது, ஹெலிகாப்டரும் கெளம்பாது. எப்படியும் அஞ்சாறு நாள் ஆகும். தாக்குப்புடிங்கக்கா."

கட்டுப் போட்டிருக்கிறேன். ரத்தம் நிற்கவில்லை.


பதிவு 213
நவம்பர் 5. காலை 6:30

நவநீதனைக் கன்னத்தில் அறைந்தேன். பதினோரு வருடமாக அவனோடு வேலை செய்கிறேன். கை ஓங்கியது இதுதான் முதல் தடவை.

என்னைக் கேட்காமல் ஒன்பதாம் வரிசையை ஒரு தட்டு முழுக்கச் சுரண்டி ரொசாரியின் காயத்தில் ஊசியால் ஏற்றியிருக்கிறான். கண்ணெதிரே ரத்தம் வடிந்து சாகிற மனிதனைப் பார்த்துக்கொண்டு எப்படி நிற்பது என்றான். மனித உடம்பில் இது இதுவரை போனதே இல்லை.

கட்டைப் பிரித்தேன். காயம் மூடியிருந்தது. ரோஜா நிறத்தில் புதுத் தோல், தையல் போட்டதுபோல்கூட இல்லை. மூன்று இடத்திலும் மொட்டு கிளம்பியிருக்கிறது. உள்ளே எலும்பு தட்டுப்படுகிறது. அதே கையில் சின்ன வயதில் தூண்டில் முள் கிழித்த தழும்பு ஒன்று இருந்தது. ஊர்க்கதை சொல்லும்போதெல்லாம் அதைக் காட்டுவார். அதுவும் இல்லை. பசிக்கிறது என்று பன்னிரண்டு இட்லி சாப்பிட்டார்.

ஒளிக்க விரும்பவில்லை. அறைந்த கை வலித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மெர்சி பிழைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.


பதிவு 214
நவம்பர் 6. காலை 11:00

ரொசாரியின் இடது கையில் இப்போது ஏழு விரல். இரண்டு விரலுக்கு நகம் இல்லை, முடி இருக்கிறது. உள்ளங்கையில் வீக்கம். கீறிப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாக மூன்று பல். நான் கீறிய இடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடிக்கொண்டது.

10:50க்கு நிறுத்து மருந்து கொடுத்தேன். முழு அளவு.

மாலை 5:30

மருந்து வேலை செய்யவில்லை. வீக்கம் மணிக்கட்டைத் தாண்டிவிட்டது. இரண்டாம் அளவும் கொடுத்தாயிற்று. ஒரு மாற்றமும் இல்லை.

தட்டில் இருந்த செல்லின்மேல் அதே மருந்தை ஊற்றினேன். நூற்றில் ஒன்றுகூடச் சாகவில்லை. உறைபெட்டியிலிருந்து பழைய தலைமுறைகளை எடுத்து உருக்கிப் பார்த்தோம். ஐந்தாம் தலைமுறை மருந்து பட்டதும் செத்தது. பதினைந்தில் பாதி செத்தது. முப்பதில் எதுவும் சாகவில்லை.

ஏன் என்று புரிய எங்களுக்கு ஐந்து நிமிடம்தான் ஆயிற்று. சாகும் திருத்தம் உள்ள செல் கொஞ்சம் மெதுவாக வளரும், கூட்டம் சற்று மங்கலாக இருக்கும். அதை எங்கேயோ தொலைத்துவிட்ட செல் வேகமாக, வட்டமாக, பளபளவென்று வளரும். நாங்கள் காலைதோறும் அழகானதை எடுத்து, மங்கலானதைக் குப்பையில் போட்டோம். நாற்பத்தொரு தலைமுறையாக, எங்கள் கண்ணாலேயே, அடங்காதவற்றை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்திருக்கிறோம். மெர்சிக்கென்று நான் தனியாக எடுத்து வைத்தது எல்லாவற்றிலும் அழகான கூட்டம்.

நவநீதன் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் அடுத்து என்ன செய்யலாம் என்று சோதித்தேன். கடல்நீரில் இந்தச் செல் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. நெருப்பில் உடனே போய்விடும். உடம்புக்குள் இருந்தால் இரண்டும் உதவாது.


பதிவு 215
நவம்பர் 7. காலை 8:15

மருத்துவ அறையிலிருந்து ரொசாரி உள்பேசியில் கூப்பிட்டார்.

"டாக்டரம்மா, கைக்குள்ள பல்லு நறநறங்கி. நான் கடிக்கல, அதுவா கடிக்கி. வெட்டிருங்க. தோளோட வெட்டிருங்க. நான் ஒண்ணுஞ் சொல்லமாட்டேன்."

காலை 11:40

வெட்டினேன். நான் அறுவைச் சிகிச்சை படித்தவள் இல்லை. மயக்க மருந்தில் பாதியை ஏற்றினோம், அது அந்த உடம்புக்கு எதுவுமே செய்யவில்லை. நவநீதன் தோளைப் பிடித்தான், குத்புதீன் காலைப் பிடித்தார். முழங்கைக்கு மேலே ரம்பம் இறங்கியபோது ரொசாரி உதறினார். மூன்று பேரும் சுவரில் போய் விழுந்தோம். ரத்தம் கூரை வரை. திரும்பவும் ஏறிப் பிடித்து முடித்தோம். வெட்டிய கையை ஆய்வகக் கழிவு எரிக்கும் உலையில் போட்டேன். எரியும்வரை விரல்கள் மடங்கி மடங்கி நீண்டன.

குத்புதீன் காலையில் மீன் கழுவும்போது ஆள்காட்டி விரலைக் கிழித்துக்கொண்டிருந்தார். கையுறை உள்ளே ரத்தம் நனைந்திருந்தது. அவருடையதா ரொசாரியுடையதா என்று கேட்டேன். தெரியவில்லை என்றார்.

பிற்பகல் 2:10

வெட்டிய இடத்திலிருந்து சதை கிளம்பிவிட்டது. வலி தாங்காமல் ரொசாரி கட்டை அறுத்துக்கொண்டு ஓடினார். வானொலி அறையில் புகுந்து இரும்புக் கம்பியால் கண்ணில் பட்டதையெல்லாம் அடித்து நொறுக்கினார். அனுப்பும் கருவி சுக்குநூறு. கேட்கும் கருவி மட்டும் பிழைத்திருக்கிறது. இனி கரை பேசினால் நமக்குக் கேட்கும். நாம் பேசினால் யாருக்கும் கேட்காது. மூன்று கிலோமீட்டர் வரை எட்டும் கைக்கருவிகள் இரண்டு மிச்சம். இந்தக் கடலில் அதை வைத்து மீனோடுதான் பேசலாம்.

சங்கிலியால் கட்டியிருக்கிறோம். கதவை மூடியும் அவர் குரல் மூன்று தளத்துக்கும் கேட்கிறது.


பதிவு 216
நவம்பர் 8. பிற்பகல் 2:30

எழுத்து சரியில்லை. ஒழுங்காகச் சொல்ல முயல்கிறேன்.

அலை குறைந்ததும் நவநீதன் ரொசாரியின் சங்கிலியைக் கழற்றி, தார்ப்பாயில் சுற்றி, உயிர்காப்புப் படகில் ஏற்றிவிட்டான். படகு மேடை ஓரத்தில் முன்னும் பின்னும் இரண்டு கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கும் விசை மேடைமேல் இருக்கிறது. நான் விசையின் முன்னால் போய் நின்றேன். அவன் படகுக்குள்ளிருந்து கைக்கருவியில் பேசினான்.

"மேடம், விசைய விடுங்க. கரைல ஆஸ்பத்திரி இருக்கு, மருந்து இருக்கு, ஆளுங்க இருக்காங்க. நம்ம ரெண்டு பேரும் பண்ண தப்புக்கு இவர் ஏன் சாவணும்?"

நான் சொன்னேன். எந்த உடம்பும் இதை எதிர்க்காது, அப்படித்தானே நாமே செய்துவைத்தோம். ஒரு நர்ஸ் கையில் ஒரு கீறல் போதும். அவள் வீட்டுக்குப் போவாள், பிள்ளைக்குத் தலை வாரிவிடுவாள். அவன் கேட்கவில்லை. ரொசாரி பக்கத்தில் அலறிக்கொண்டிருந்தார். சதை கழுத்துவரை ஏறியிருந்தது.

"உங்க பொண்ணு இந்தப் படகுல இருந்தா விடமாட்டீங்களா? சொல்லுங்க மேடம். கயித்த அறுத்துடுவீங்களா?"

அறுப்பேன் என்றேன்.

அவன் படகிலிருந்து மேடைக்குத் தாவி வந்து விசையைப் பிடித்தான். நான் அவன் மணிக்கட்டைக் கடித்தேன். அவன் என்னை இரும்புத் தரையில் தள்ளி, விசையை இழுத்துவிட்டு, திரும்பவும் படகில் குதித்தான். படகு இறங்கத் தொடங்கியது. சுவரில் தீயணைப்புக் கோடரி இருந்தது. முன்கயிற்றை அறுத்தேன். மூன்று வெட்டு.

படகு மூக்குக் குத்தித் தொங்கியது. இரண்டு பேரும் சரிந்தார்கள். பின்கயிறு தானே அறுந்தது. இருபது மீட்டர். நேராகத் தண்ணீரில் விழவில்லை. மேடையின் காலில் மோதி, பிளந்து, பிறகு விழுந்தது. நவநீதனின் தலை அந்த இரும்புக் காலில் பட்ட சத்தம் அலைச் சத்தத்துக்கு மேலே கேட்டது. ரொசாரி கொஞ்ச நேரம் மிதந்தார். ஒரு கையை ஆட்டினார். பிறகு இல்லை.

நவநீதன் உடம்பில் ஒன்பதாம் வரிசை ஒரு செல்கூட இல்லை. நேற்றுத்தான் சோதித்தேன். அவன் சுத்தமானவன்.


பதிவு 217
நவம்பர் 9. பகல் 12:45

ஐம்பது வருடத் தொழுகையில் குத்புதீனின் நெற்றியில் காசளவு கறுப்புத் தடம் இருந்தது. இன்று காலை முகம் கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். நெற்றி பளிங்குபோல் இருந்தது. நெற்றியைத் தேய்த்துத் தேய்த்து அழுதார். விரலில் கிழிசலும் இல்லை. ரொசாரியின் சாப்பாட்டையும் சேர்த்து இரண்டு நாளாகத் தானே சாப்பிட்டதாக அப்போதுதான் ஒப்புக்கொண்டார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. மிச்சமிருந்த மயக்க மருந்து முழுவதையும் அவர் தேநீரில் கலந்தேன். அவருக்குத் தெரியாமல். ரொசாரி பட்ட பாடு இவருக்கு வேண்டாம், செல் முழுக்கப் பரவி மருந்து ஏறாமல் போகும் முன்பே தூக்கத்திலேயே போகட்டும் என்று நினைத்தேன். எனக்கும் பயமாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

சமையல்காரரிடம் போய்த் தேநீரில் விளையாடினேன். ஒரு வாய் குடித்ததும் கண்டுபிடித்துவிட்டார். உள்பேசியில் என் அறைக்குப் பேசினார்.

"கேட்டிருந்தா நானே சரின்னிருப்பனேம்மா. கேக்காம குடுத்தீங்களே. நாய்க்கு வைக்கிற மாதிரி வச்சீங்களே."

பிறகு மீன் வெட்டும் கத்தியோடு வந்தார். கதவை உதைத்துத் திறந்தார். முதல் வெட்டு மேசையில், இரண்டாவது என் இடது முன்கையில், எலும்புவரை. நான் பாரந்தூக்கி இருந்த பக்கம் ஓடினேன். துரத்தி வந்து தலைமுடியைப் பிடித்தார். கம்பி பிய்ந்துபோன அந்த இரண்டு மீட்டர் இடைவெளி எனக்கு நினைவிருந்தது, அவருக்கு நினைவில்லை. முழங்காலால் அவர் வயிற்றில் இடித்து அதன் வழியே வெளியே தள்ளினேன். கடைசியில் என் சட்டையைப் பிடித்தார். அந்தக் கையையும் விரல் விரலாகப் பிரித்து விட்டேன்.

அவர் ரத்தமும் என் ரத்தமும் என் கையில் கலந்திருக்கிறது.


பதிவு 218
நவம்பர் 10. காலை 10:00

எரித்தாயிற்று. தட்டுகள், குடுவைகள், உறைபெட்டியில் இருந்த நூற்றுப் பதினாறு குப்பிகள், ஊசிகள். ஒவ்வொன்றாக உலையில் போட்டேன். கடைசியாக மெர்சியின் பெயர் எழுதிய குப்பி. அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். பனி உருகிப் பெயர் அழிந்தது. போட்டேன்.

மெர்சி, உன் அம்மா உன்னைக் கைவிட்டுவிட்டாள். இதை நீ படிக்க நேர்ந்தால் திட்டு. திட்டுவதற்கு உனக்கு உரிமை இருக்கிறது.

கரைக் கிடங்கில் இரண்டு பிரதிக் குப்பிகள் இருக்கின்றன. என் கையெழுத்து இல்லாமல் அந்தப் பெட்டியைத் திறக்கமாட்டார்கள். அந்த மட்டுக்கும் கர்த்தருக்கு நன்றி. படகு வந்ததும் முதல் வேலை அதை எரிக்கச் சொல்வது.

முன்கை வெட்டு நேற்று சாயங்காலமே மூடிவிட்டது. வலது முழங்காலில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு முப்பத்தைந்து வருடமாக இருந்தது. இன்று காலை இல்லை. பசிக்கிறது.


பதிவு 219
நவம்பர் 11. காலை 11:30

கேட்கும் கருவியில் வத்சலா வந்தாள். சந்தோஷத்தில் மூச்சுவிடாமல் பேசினாள். அப்படியே எழுதிக்கொண்டேன்.

"அக்கா, நீங்க பேசறது எங்களுக்குக் கேக்கல, நாங்க பேசறதாவது கேக்கும்னு சொல்றேன். எட்டாந்தேதி மெர்சிக்கு ரொம்ப முடியாமப் போச்சுக்கா. மூளைல ரத்தம் கசிஞ்சிடும்னாங்க. உங்கள புடிக்கவே முடியல. நல்லவேளை, நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்புன ஃபாரம் இருந்துச்சு. நானே தேதி போட்டுக் குப்பிய எடுத்துக் குடுத்துட்டேன். ரெண்டையும் ஏத்திட்டாங்க. அக்கா, நீங்க பாக்கணும். மறுநாளே எந்திரிச்சு ஒக்காந்துட்டா. ரத்த அணு எல்லாம் சரியாயிடுச்சு. ரெண்டு தட்டு, மூணு தட்டு சோறு சாப்புடுறா. புருவத்துல இருந்த தழும்புகூட மறைஞ்சு போச்சுக்கா, சிரிச்சா அவ்ளோ அழகா இருக்கா. டாக்டர் வேணாம்னு சொல்லியும் கேக்காம, நாளைக்கு லூர்து அண்ணன் போட்டுல உங்கள கூட்டிட்டு வர அவளே வர்றா. அம்மாவுக்கு ஆச்சரியம் குடுக்கணுமாம், நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க."

உடைந்த கருவியை அள்ளிப் பிடித்துக்கொண்டு கத்தினேன். தொண்டை கிழியும்வரை கத்தினேன். கிழிந்தது உடனே ஆறிவிட்டது.

மாலை 5:00

தேதி போடாத ஒரு கையெழுத்து.

வத்சலாமேல் தப்பில்லை. எட்டாம் தேதி நான் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் என் மகளைக் காப்பாற்ற ஓடியிருக்கிறாள்.

ரத்தத்தில் ஏற்றினால் கொஞ்சம் மெதுவாகப் பரவும்போல. ஆனாலும் இது நாலாவது நாள். என் முதுகில் இன்று கை வைத்தேன். வரிசையாகப் பல்.


பதிவு 220
நவம்பர் 12. காலை 8:20

டீசல் பீப்பாய் ஐந்தையும் உருட்டி வந்து சாப்பாட்டு அறைக்குக் கீழ்த்தளத்திலும் படிக்கட்டிலும் ஊற்றினேன். நாற்றம் மேலே வராமல் கதவை மூடியிருக்கிறேன். மூன்று படி அரிசியும் காய்ந்த நெத்திலியும் மிச்சம். உலை வைத்தேன். குழம்பு கொதிக்கிறது. உப்பு தூக்கலாகிவிட்டது.

காலை 9:05

படகு தெரிகிறது. கைக்கருவியில் கூப்பிட்டேன்.

"ம்மா! எப்பிடித் தெரிஞ்சிச்சி நாந்தான்னு? வத்சலாக்கா சொல்லிட்டாங்களா?"

சொல்லவில்லை, என் பிள்ளை குரல் எனக்குத் தெரியாதா என்றேன். கருவியை லூர்துவிடம் கொடுக்கச் சொன்னேன். வழியில் மெர்சிக்கு எங்காவது அடிபட்டதா, ரத்தம் வந்ததா, அவர் உடம்பில் புதுக்காயம் ஏதும் உண்டா என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார். பழைய தழும்பு ஏதாவது இருந்தால் காட்டச் சொன்னேன். குழம்பிப்போய், வலை இழுத்து அறுத்த கையைத் தூக்கிக் காட்டினார். தொலைநோக்கியில் பார்த்தேன். தழும்பு இருக்கிறது, கறுப்பாக, தடிப்பாக. அவர் சுத்தம்.

திருப்பி அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன். கரையில் தனியறையில் பூட்டிவைக்கலாம். மருந்து கிடையாது. அவளுக்கு ஊசி போடுகிறவர்கள், துணி மாற்றுகிறவர்கள், கூட்டிப் பெருக்குகிறவர்கள் இருப்பார்கள். அதோடு ரொசாரியின் அந்தக் கடைசி இரண்டு நாள். என் மகளுக்கு அந்த இரண்டு நாள் வேண்டாம்.

மேலே வா, சோறு ஆக்கி வைத்திருக்கிறேன் என்றேன். அவள் மட்டும் ஏணியில் ஏறட்டும், படகைத் தள்ளி நிறுத்துங்கள், நான் கயிற்றில் இறக்கும் டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போங்கள் என்று லூர்துவிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டார். எல்லாம் டப்பாவில் எழுதியிருக்கிறது என்றேன்.

காலை 9:40

நிறைய வளர்ந்துவிட்டாள், அல்லது நான்தான் ஏழு மாதமாகப் பார்க்கவில்லை. ஓடி வந்து கட்டிக்கொண்டாள். நானும் கட்டிக்கொண்டேன். இனி இரண்டு பேருக்கும் அதனால் ஒன்றுமில்லை. சிரித்தாள். இரண்டு புருவமும் ஏறியது.

மற்றவர்கள் எங்கே என்றாள். கீழே வேலையாக இருக்கிறார்கள் என்றேன். துப்பட்டாவை விலக்கித் தோளில் ஒரு பரு வந்திருக்கிறது, கல் மாதிரி இருக்கிறது, லேசாக வலிக்கிறது என்று காட்டினாள். அந்தப் பருவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சாப்பிடு, சரியாகிவிடும் என்றேன்.

இதைப் பிரிக்கிறவருக்கு: நவம்பர் எட்டாம் தேதியிலிருந்து மெர்சியின் ரத்தம் பட்ட ஒவ்வொருவரையும் கண்டுபிடியுங்கள். ஊசி போட்டவர், ரத்தம் எடுத்தவர், வத்சலா, எல்லோரும். நிறுத்து மருந்தை நம்பாதீர்கள். ரத்தச் சோதனைக்கும் காத்திருக்க வேண்டாம். பழைய தழும்பு எங்கே என்று கேளுங்கள். தழும்பு இருப்பவரை விட்டுவிடுங்கள். இல்லாதவர் பசிக்கிறது என்பார். அவரிடம் கோபப்படாதீர்கள். நான் குத்புதீனிடம் செய்ததைச் செய்யாதீர்கள், முதலில் அவரைக் கேளுங்கள்.

என் மகளிடம் நான் கேட்கவில்லை. கேட்க முடியவில்லை.

மூன்றாவது தட்டு சாப்பிடுகிறாள். உப்பு ஜாஸ்தி, ஆனால் நன்றாக இருக்கிறது என்கிறாள். தீப்பெட்டி என் மடியில் இருக்கிறது. இந்தப் பக்கத்தோடு நோட்டை டப்பாவில் போட்டு இறக்கிவிடுவேன். லூர்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்கிறாள். போட்டுவிட்டு வருகிறேன்.